அம்மா வைத்திருந்த தொலைபேசி எண்

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், நானும் அண்ணனும் தோட்டத்துக்குப் போய் தொழிலாளர் லயத்தில் இருந்த அவளுடைய வீட்டைக் காலி செய்தோம். எண்பதுகளின் தொடக்கம் அது. பத்து காஜா ஊருக்கு அப்பால் இருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டிருந்தார்கள். லயங்களில் பாதிக்கு மேல் ஆளில்லை. அம்மா மட்டும் அசைய மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள். வீட்டில் எடுப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. தகரப் பெட்டிக்குள் நாலைந்து புடவை, அடியில் அவளுடைய அடையாள அட்டை. அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. பிரித்தால் ஆறு இலக்கத்தில் ஒரு தொலைபேசி எண். பெயர் இல்லை, ஊர் இல்லை.

"யாரு நம்பர்ண்ணே இது?" என்றேன்.

"எனக்கு எப்படிலா தெரியும்? எங்க கம்பெனி நம்பர் இல்ல."

"அப்ப யாருக்குப் போன் போட்டுச்சு அம்மா?"

"போனதுக்கப்புறம் என்ன விசாரணை? விடு தங்கச்சி."

அவனுக்கு எல்லாமே விடு தங்கச்சிதான். சிம்பாங் பூலாயில் கல்லுடைக்கும் இடத்தில் வேலை. மாதம் ஒருமுறை அம்மாவைப் பார்க்கப் போவான், வருவான், சண்டை கிடையாது. நான் அப்படி இல்லை. எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். அம்மா சாவதற்கு ஒன்றரை வருடம் முன்பிருந்தே நான் அவளோடு பேசவில்லை.

காரணத்தை இப்போது சொன்னால் சின்னதாகத்தான் தெரியும். தோட்டம் கைமாறியபோது ஈப்போவில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு அவளைக் கூட்டி வந்தேன். ஒரு அறையை ஒழித்துக் கொடுத்தேன். பத்து நாள் இருந்தாள். பதினோராம் நாள் நான் வேலை முடிந்து வரும்போது வீட்டில் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறித் தோட்டத்துக்கே போய்விட்டாள். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? அடுத்த ஞாயிறு போய், லயத்தில் எல்லாரும் பார்க்க, "இனிமே இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று கத்திவிட்டு வந்தேன். சொன்னபடியே மிதிக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்து நான் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பேச்சு நின்றுவிட்டிருந்தது. இரண்டு நாளில் போய்விட்டாள். நான் அழவில்லை. அழுகை வரவில்லை, அவ்வளவுதான். அண்ணி எனக்குக் கல்நெஞ்சு என்று யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அதற்குக்கூடக் கோபம் வரவில்லை.

அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் உள்ளே ஏதோ சுருக்கென்றது. அதுவும் துக்கம் இல்லை, பொறாமை. எழுதப் படிக்கத் தெரியாதவள் அம்மா. ரப்பர்ப் பால் எடை பார்த்துப் பார்த்து எண் மட்டும் பழகியிருந்தாள். அப்படிப்பட்டவள் ஒரு எண்ணை அடையாள அட்டையோடு வைத்துக் காப்பாற்றியிருக்கிறாள் என்றால், பெற்ற மகளைவிட வேண்டியவர் ஒருவர் அந்தப் பக்கம் இருக்கிறார். அது யார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை.

முதலில் ஈப்போ தபால் நிலையத்துக்குப் போனேன். தொலைபேசிப் புத்தகம் மேசையில் கிடந்தது. அதில் பேரை வைத்து எண்ணைத்தான் தேட முடியும். எண்ணை வைத்துப் பேரைத் தேட வழியில்லை. இருந்தாலும் ஒவ்வொரு பக்கமாக விரலை வைத்து இறக்கிக்கொண்டு வந்தேன். வரிசையாகச் சீனப் பெயர்கள், கடைகள், டாக்டர்கள். பன்னிரண்டாம் பக்கத்தில் கண் எரிந்தது. கவுண்டரில் இருந்த மலாய்க்காரர் என்ன தேடுகிறாய் என்று கேட்டார். சொன்னேன். "அந்த நம்பருக்கே போன் போட்டுக் கேளேன்" என்றார்.

உண்மையில் எனக்கு அதற்குத்தான் பயம். புத்தகத்தில் பேர் கிடைத்தால் தெரிந்துகொண்டு சும்மா இருந்துவிடலாம். போன் போட்டால் பேச வேண்டும்.

பஸ் நிலையத்தில் காசு போட்டுப் பேசும் தொலைபேசியில் அடித்தேன். ஒரு ஆண் குரல் கண்டோனீஸில் என்னவோ அதட்டியது. சட்டென்று வைத்துவிட்டேன். அண்ணனிடம் சொன்னபோது, "சீனன் எடுத்தானா? அம்மாவுக்கு ஏதுலா சீனன் பழக்கம்? ஏதாச்சும் மருந்துக்கடையா இருக்கும்" என்றான். மருந்துக்கடை எண்ணை யாராவது அடையாள அட்டைக்குள் வைப்பார்களா?

இரண்டு நாள் கழித்து, நான் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மறுபடி அடித்தேன். இந்த முறை பெண் குரல். வைக்கவில்லை. மலாயில் கேட்டேன், "யார் பேசறது?"

"கடை. உனக்கு யார் வேணும்?"

யார் வேணும் என்று நான் என்ன சொல்வேன்? "எங்க அம்மா இந்த நம்பரை வச்சிருந்தாங்க. ஒரு இந்தியக் கிழவி. பத்து காஜா பக்கம்" என்று இழுத்தேன்.

அந்தப் பக்கம் யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "நீ மாடியில் ரெண்டாவது தளத்துப் பொம்பளைதானே? குரல் தெரியுதே. வேலைக்குப் போகலையா?" என்றாள்.

எங்கள் கட்டடத்துக் கீழே இருக்கும் மளிகைக்கடை. கடைக்காரரின் மனைவி. தினமும் காலையும் மாலையும் நான் தாண்டிப் போகும் கடை.

எங்கள் கட்டடத்தில் யார் வீட்டிலும் தொலைபேசி கிடையாது. எல்லாரும் அந்தக் கடை எண்ணைத்தான் வெளியே கொடுப்போம். அழைப்பு வந்தால் அந்த அம்மாள் கடை முன்னால் ஐந்தடிப் பாதைக்கு வந்து மேலே பார்த்து, வீட்டு எண்ணைச் சொல்லி, "தெலிபோன்!" என்று கத்துவாள். யார் கூப்பிடுகிறார்கள் என்று சொல்ல மாட்டாள். தொழிற்சாலை விண்ணப்பப் பாரத்தில் அந்த எண்ணை எழுதியது என் வீட்டுக்காரர். கீழே இருக்கும் கடைக்கு நானே எதற்குப் போன் போடப் போகிறேன்? ஒருநாளும் அந்த எண்ணை நான் பார்த்ததில்லை. தாளை என் வீட்டுக்காரரிடம் காட்டியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அம்மாவுக்கு ரகசியம் இருந்தது என்று அவரிடம் சொல்லக் கூச்சப்பட்டு மறைத்தேன்.

சாயங்காலம் நேராகக் கடைக்குப் போனேன். அந்த அம்மாள் அரிசி நிறுத்துக்கொண்டே மலாயில் சொன்னாள். தமிழில் சொல்கிறேன்.

"உங்கம்மா உன் வீட்டில் இருந்தப்ப ஒருநாள் இறங்கி வந்து நம்பர் கேட்டுச்சு. நான்தான் எழுதிக் கொடுத்தேன். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும். பத்து காஜா சந்தைக்கு வருமாம். மகள் நல்லா இருக்காளா, வேலைக்குப் போறாளா, அவ்வளவுதான் கேட்கும். நல்லா இருக்கான்னு சொல்வேன். வச்சிடும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லாதேன்னு சொல்லிச்சு. சொன்னா நீ என்னையும் சேர்த்துத் திட்டுவியாம், உனக்குக் கோபம் ஜாஸ்தியாம்னு சிரிச்சுச்சு."

நான் கல்லாப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். ஏதாவது வாங்க வேண்டுமே என்று தோன்றியது. வெங்காயம் எடுத்தேன்.

"ஒரே ஒரு தடவை உன்னைக் கூப்பிடச் சொல்லிச்சு" என்றாள். "போன மாசம். உடம்பு சரியில்ல போல, குரலே இல்ல. நான் வெளியே போய்க் கத்தினேன். நீ ஜன்னல்ல நின்னு, இல்லன்னு சொல்லுன்னு கத்தினே."

எனக்கு ஞாபகம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. ஓவர்டைமுக்கு வரச்சொல்லி சூப்பர்வைசர் கூப்பிடுகிறான் என்று நினைத்து, மிளகாய் அரைத்த கையோடு ஜன்னலுக்குப் போய், "நான் இல்லைன்னு சொல்லு! செத்துப் போயிட்டேன்னு சொல்லு!" என்று கத்தினேன். மலாயில்தான் கத்தினேன். என் குரல் தெருவுக்கே கேட்கும்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வேற என்ன சொல்றது, இல்லன்னு சொன்னேன்."

"அம்மா?"

அவள் அரிசிப் பையின் வாயைக் கட்டினாள். "இருக்கட்டும், அவ சத்தம் கேட்டுச்சுன்னு சொல்லிச்சு. நல்லாத்தான் கத்துறா, உடம்புக்கு ஒண்ணும் இல்ல, அது போதும்னு வச்சிடுச்சு."