நாய்ச் சட்டை ஓடிய நாள்

நாரின் என்ற ஊரின் நகராட்சியில் நாய் பிடிக்கிற ஷாதிபெக்கைப் போல ஒரு கை அந்த மலைநாட்டில் வேறு கிடையாது. சந்தையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், மூக்கைச் சுளித்துக்கொண்டாவது ஒப்புக்கொள்வார்கள். மேய்ச்சல் நிலத்திலிருந்து கிழிந்த பூட்ஸோடு இறங்கி வந்த மனிதர். நாலெழுத்துக்கு மேல் படித்ததில்லை. யார் சிபாரிசும் இல்லாமல் வேலை வாங்கினார், வீடு வாங்கினார், இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தார். அவர் சுருக்குக் கம்பைத் தூக்கிய பிறகு அந்த ஊரில் வெறிநாய் கடித்து ஒரு பிள்ளை சாகவில்லை. இதை அவரே எல்லோரிடமும் சொல்வார். சொல்ல வேறு ஆள் இல்லை.

போன் மட்டும் வரும். எங்கள் தெருவில் ஒன்று திரிகிறது, உடனே வா என்பார்கள். வண்டி போய் நின்றால் கூப்பிட்ட வீட்டிலேயே ஜன்னல் திரையை இழுத்துவிடுவார்கள். பைக்கே என்று அண்ணன் முறை வைத்து ஒருவரும் அவரைக் கூப்பிட்டதில்லை. நாய்க்காரன், அவ்வளவுதான்.

பிடித்துக் கொட்டடியில் அடைத்த நாயைக் கேட்டு யாரும் வராவிட்டால், கெடு முடிந்த மறுநாள் காலையில் கொல்லும் ஊசி. அப்போது நாயின் தலையை அவரேதான் மடியில் பிடித்துக்கொள்வார். கட்டிப்போட்டால் போதுமே என்பார் மருத்துவர். அவர் கேட்டதில்லை. ஆரம்பத்தில் ஊசி முடிந்ததும் வெகுநேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். பிறகு அதுவும் நின்றுபோனது. பனியில் விறைத்த விரல் மாதிரி, உள்ளே ஏதோ இருந்தது, ஆனால் தெரியவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் கீழ்வீட்டு சைராகூல் அவர் கதவைத் தட்டினாள். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் தலைத்துணியால் மூக்கை மூடிக்கொள்கிறவள் அவள். அவள் மருமகள் அய்சாதா இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்தவள். மூன்றாவது குழந்தைக்கு மறுநாள் நாற்பது நாள் நிறைகிறது. அன்று ஊர் வழக்கப்படி, பிறந்ததும் போட்ட முதல் சட்டையை, நாய்ச் சட்டை என்று சொல்வதை, மிட்டாய் முடிந்து ஒரு நாயின் கழுத்தில் கட்டி ஓடவிட வேண்டும். பிள்ளைகள் துரத்திப் பிடித்து மிட்டாயைப் பங்கிட்டுக்கொள்வார்கள். குழந்தைக்கு வரவிருந்த நோயெல்லாம் நாயோடு போய்விடும். சட்டை மட்டும் தாயிடம் திரும்பி வரவேண்டும்.

"ஒரு நாய் வேணும், பைக்கே."

"நீ போன் போட்டுப் பிடிக்கச் சொன்னதெல்லாம் தீந்துபோச்சே, சைராகூல்."

"குத்திக் காட்டுற நேரமா இது? பேரப்புள்ள விஷயம்."

கொட்டடியில் ஒரு செம்பட்டை நாய் இருந்தது. சாது, நோய் இல்லை. அதன் கெடுவும் மறுநாளோடு முடிகிறது.

"தர்றேன். ஆனா ஓட்டம் முடிஞ்சதும் நீங்களே வெச்சுக்கணும். என்கிட்ட திரும்பி வந்தா அடுத்த நாள் காலைல ஊசிதான். வெச்சுப்பியா?"

"கண்ணு மாதிரி வெச்சுப்போம்" என்றாள் சைராகூல்.

மறுநாள் சட்டையைக் கட்டி விட்டதும் பிள்ளைகள் போட்ட கூச்சலில் நாய் மிரண்டு, முற்றத்தைத் தாண்டி ஆற்றங்கரைக்கு ஓடிவிட்டது. யார் கிட்டப் போனாலும் பல்லைக் காட்டியது. அய்சாதா குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

ஷாதிபெக் கம்பை எடுக்கவில்லை. கரைக்குப் போய் நாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்த ரொட்டியைப் பிய்த்துத் தின்னத் தொடங்கினார். அவனவன் தவிக்கிறான், நாய்க்காரன் பசியாறுகிறான் என்று பின்னால் ஒருவன் முணுமுணுத்தான். ரொட்டி பாதி தீரும்போது செம்பட்டை வந்து அவர் கக்கத்துக்குள் மூக்கை நுழைத்தது. அவர் முடிச்சை அவிழ்த்துச் சட்டையை அய்சாதாவிடம் கொடுத்தார்.

நாற்பதாம் நாள் விருந்தில் அவரை வாசலுக்கு எதிரே, பெரியவர்கள் உட்காரும் இடத்தில் உட்கார வைத்தார்கள். மரியாதைக்குரிய விருந்தாளிக்குத் தருகிற தொடை எலும்பை அவர் தட்டில் வைத்தார்கள். சைராகூலின் புருஷன் எழுந்து, இந்தக் கை இருப்பதால்தான் நம் பிள்ளைகள் பயமில்லாமல் தெருவில் நடக்கிறார்கள் என்று பேசினான். எல்லோரும் ஆமாம் என்றார்கள். இப்படி ஒரு நாள் வந்தால் என்ன பதில் சொல்வது என்று ஷாதிபெக் வருஷக்கணக்காக யோசித்து வைத்திருந்தார். இப்போது கறியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். அதில் ருசி இல்லை. வரவேண்டிய சந்தோஷத்துக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு எழுந்தார்.

"நாயை எங்க கட்டட்டும்?"

சைராகூல் தேநீர்க் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பி வைத்தாள்.

"பைக்கே, நோயைச் சுமந்து ஓடுன நாய் அது. கைக்குழந்தை இருக்கிற வீடு. உங்களுக்குத் தெரியாததா?"

அவர் மற்றவர்களைப் பார்த்தார். ஆளாளுக்குக் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தானே கொண்டுபோகலாம். ஆனால் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோனால் அடுத்த நாள் கம்பு தூக்க முடியாது என்று வேலையில் சேர்ந்த புதிதிலேயே முடிவு செய்துவிட்டார்.

வண்டிக் கதவைத் திறந்ததும் செம்பட்டை தானாகவே ஏறிக்கொண்டது. தொடை எலும்பை அதன் முன்னால் போட்டுவிட்டு ஓட்டினார்.

காலையில் மருத்துவர் ஊசி போட்டார். ஷாதிபெக் தலையைப் பிடித்துக்கொண்டார். எலும்பு வாசம் இன்னும் அதன் வாயில் இருந்தது. மூச்சு நிற்கும்வரை காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கை கழுவினார்.

வீட்டுக்கு வந்தபோது படிக்கட்டில் சைராகூல் நின்றிருந்தாள். மூக்கை மூடவில்லை. சலாம் சொன்னாள்.

"நாய் எப்படி இருக்கு, பைக்கே?"

"தூங்குது."

"நல்லதாப் போச்சு. குப்பைத் தொட்டிப் பக்கம் புதுசா ஒண்ணு திரியுது. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

அவர் கம்பை எடுக்க வண்டிக்குத் திரும்பினார்.