பட்டியலில் இல்லாத சாமான்

1. விதி

"பட்டியலில் இல்லாத எந்தப் பொருளையும் ஊழியர் பயனாளிக்குப் பரிந்துரைக்கலாகாது. அத்தகைய பொருள் தேவையெனக் கருதினால் படிவம் ஒன்பதை நிரப்பி உபகரணக் குழுவுக்கு அனுப்புதல் வேண்டும். குழு இருபத்தெட்டு நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரும். தாமதம் பயனாளியின் உடல்நலத்தைப் பாதிக்கும் எனில் ஏழு நாட்களுக்குள்."

கிழக்கு லண்டன் கவுன்சில் ஒன்றின் உபகரணப் பிரிவில் இருந்த கையேட்டின் வாசகம் இது. நடந்த விஷயத்துக்குப் பொருந்தியிருக்க வேண்டியது அதன் கடைசி வரி. கையேட்டின் இரண்டாம் பதிப்பைத் தட்டச்சு செய்தவனே நான்தான். முற்றுப்புள்ளி எங்கே இருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியும். அந்த அறிவால் யாருக்கும் ஒரு பயனும் விளையவில்லை. அதை எழுதி வைப்பதுதான் இந்தக் குறிப்பின் நோக்கம்.

கை கால் வழங்காதவர்களுக்கும் வயதானவர்களுக்கும் வீட்டில் புழங்கும் சாமான்களை இரவலாகக் கொடுப்பது எங்கள் பிரிவின் வேலை. கக்கூஸில் பிடித்து எழும்பக் கைப்பிடி, உயர்த்திய இருக்கை, குளியல் பலகை, விளிம்பு உயர்ந்த தட்டு. எல்லாம் ஒரு பட்டியலில் இருக்கும். நான் அந்தப் பட்டியலை எழுதிப் பராமரிக்கும் கிளாக்கர். தமிழ் வீடுகளுக்குப் போகும்போது தெரப்பிஸ்ட் பெண்கள் என்னை மொழிபெயர்க்கவும் கூட்டிப்போவார்கள்.

2. எனக்கு இருந்த வியாதி

எனக்கு ஒரு வியாதி இருந்தது. கடையில் விசித்திரமான ஒரு சாமானைக் கண்டால் வாங்கிவிடுவேன். வாங்கியது நன்றாக வேலை செய்தால் பத்துப் பேருக்குச் சொல்லாமல் என்னால் இருக்க ஏலாது. போத்தல் மூடி திறக்க ரப்பர்த் துண்டு, ஊசியில் தானாகவே நூல் கோக்கும் கருவி, குளியலறைத் தரையில் நிற்கும் தண்ணீரை வழிக்க ஜன்னல் துடைப்பவர்களின் ரப்பர்க் கட்டை. ஈஸ்ட் ஹாமில் கலியாண வீட்டுக்குப் போனால் சாப்பாட்டு வரிசையிலேயே என்னைப் பிடித்துக்கொள்வார்கள்.

"அண்ணை, அந்த மூடி திறக்கிற சாமான் எங்கை வாங்கலாம்?"

"அந்தாளிட்டைக் கேளாதை. பிறகு வீட்டிலை சாமான் வைக்க இடம் இராது," என்பாள் என் மனைவி.

1986இல் இந்த வியாதி அலுவலகத்துக்குள்ளும் வந்தது. கைமூட்டு வாதத்தால் துன்பப்பட்ட ஒரு பெண்மணிக்கு, மேசையில் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் தேங்காய்த் திருவலை ஒன்றைச் சொன்னேன். பட்டியலில் அது இல்லை. அவர் வாங்கினார். மெழுகுத் துணி விரித்த மேசையில் அது ஒட்டவில்லை. திருவலை கழன்று அவருடைய பெருவிரலைப் பதம் பார்த்தது. நான்கு தையல். அவருடைய மகன் சட்டம் படித்துக்கொண்டிருந்தான்.

எங்கள் மேலாளர் பிரிட்சர்ட் நல்ல மனிதர். அதாவது, கோபத்திலும் குரல் உயர்த்தாதவர்.

"யூ சீ, நீங்கள் சொன்னது நல்ல சாமானா கெட்ட சாமானா என்பதல்ல பிரச்சினை," என்றார். "நீங்கள் சொன்னீர்கள் என்பதுதான். அடுத்த முறை வேலை போகும். எனக்காக இதில் கையெழுத்துப் போடுங்கள்."

எழுத்துமூல எச்சரிக்கை. கையெழுத்துப் போட்டேன். அன்று முதல் கலியாண வீடுகளிலும் வாயை மூடிக்கொண்டேன்.

3. வேலுப்பிள்ளை ஐயா

1989 மார்ச் மாதம் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு வீட்டுக்குப் போனோம். வேலுப்பிள்ளை ஐயா எழுபத்தொரு வயது, ஓய்வுபெற்ற நில அளவையாளர். மனைவி இல்லை. மகள் சுகந்தியோடும் மருமகனோடும் இருந்தார். ஸ்ட்ரோக்கில் இடது கை முற்றாகப் போய்விட்டது. இடது காலை இழுத்து, மூன்று கால் தடியோடு நடப்பார். ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகு சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தார் என்பது மகளின் முறைப்பாடு.

"ஒரு நேரம், அதுவும் ரெண்டு ரஸ்க். டொக்டர் பசியில்லை எண்டுறார். மனச்சோர்வாம். நான் பேக்கரியிலை ஷிப்ட், அண்ணை. பக்கத்திலை இருந்து வாயிலை சோறு தீத்தவும் ஏலாது."

தெரப்பிஸ்ட் பெண் குளியலறையை அளக்க மகளோடு மாடிக்குப் போனாள். பெரியவர் என்னை அருகில் கூப்பிட்டார்.

"தம்பி, ஊரிலை எந்தப் பகுதி?"

சொன்னேன்.

"அப்ப உமக்கு விளங்கும். எனக்குப் பசியில்லாமல் இல்லை. இடக்கை போட்டுது. இனிக் கழுவுறதும் இந்த வலக்கை, சோறு தின்னுறதும் இந்த வலக்கை. எப்பிடியடாப்பா வாயிலை வைக்கிறது?"

"கரண்டி இருக்குத்தானே ஐயா."

"கரண்டியைப் பிடிக்கிறது ஆர்? அதே கைதானே. சோப்புப் போட்டுத் தேய்ச்சுத் தோல் உரிஞ்சு போச்சு. மனம் கேக்குதில்லை. தின்னாட்டிக் கக்கூஸுக்குப் போகத் தேவையில்லை. அவ்வளவுதான் கணக்கு."

"கையுறை?"

"ஒற்றைக் கையாலை அந்தக் கைக்கே போட்டுக் காட்டும் பாப்பம்."

அவர் சிரித்தார்.

"நாற்பது வருஷம் மற்றவன்ரை காணிக்கு எல்லை போட்டனான். இப்ப என்ரை கைக்கே எல்லை இல்லாமல் போச்சு. தண்ணி படவேணும், கை படக்கூடாது. அப்பிடி ஒரு சாமான் உங்கடை கவுன்சிலிலை இருக்கோ?"

இதைவிடத் தெளிவாகத் தேவையை எழுதித் தந்த அதிகாரி எவரையும் நான் கண்டதில்லை.

படியில் சத்தம் கேட்டது. "பிள்ளைக்குச் சொல்லிப்போடாதையும்," என்றார் அவசரமாக. "அவள் தான் கழுவுறன் எண்டு நிப்பாள். அதுக்கு நான் போய்ச் சேரலாம்."

தெரப்பிஸ்ட் எழுதிக் கொடுத்தவை: உயர்த்திய இருக்கை, கைப்பிடி, கடதாசியைப் பிடித்துத் துடைக்க நீளக் கிடுக்கி. மூன்றும் பட்டியலில் இருந்தன. கிடுக்கியைக் கண்டதும் பெரியவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

4. படிவம் ஒன்பது

அவர் கேட்ட சாமான் பஸ்ஸில் திரும்பும்போதே என் மனதில் வந்துவிட்டது. ரோஜாச் செடிக்கு மருந்து தெளிக்கும் சிறிய பிளாஸ்டிக் பம்பு. இரும்புக் கடைகளில் தோட்டச் சாமான் பக்கத்தில் கிடக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரை நிரப்பி, முழங்கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் பதினைந்து தரம் அமுக்கினால் காற்று ஏறிவிடும். பிறகு விசையை அழுத்தினால் போதும். தண்ணீர் வேகமாகப் பீச்சும். கை எங்கும் படாது.

படிவம் ஒன்பதுக்கு ஓர் ஊழியரின் பரிசோதனை அறிக்கை இணைக்க வேண்டும். வேறு ஊழியரைக் கேட்க முடியாத பரிசோதனை என்பதால் நானே ஒன்று வாங்கி, இடது கையைத் துவாயால் உடம்போடு கட்டி, என் வீட்டுக் கக்கூஸில் மூன்று நாள் பரிசோதித்தேன்.

"என்னப்பா, உள்ளுக்கை பூச்சி மருந்து அடிக்கிறியளே?" என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டாள் மனைவி. "வரேக்கை உயிரோடை வாருங்கோ."

அறிக்கையில் "திருப்தி" என்று எழுதினேன். "அவசரம்: ஏழு நாட்கள்" என்ற கட்டத்தில் அடையாளமிட்டேன். 1989 ஏப்ரல் மூன்றாம் தேதி அனுப்பினேன். என் உத்தியோக வாழ்வில் நான் நிரப்பிய மிகச் சிறந்த படிவம் அதுதான் என்று அன்று பெருமைப்பட்டதையும் மறைக்கக்கூடாது. இது பட்டியலில் ஏறிவிட்டால் அவருக்கு மட்டுமல்ல, அவரைப் போன்ற எல்லோருக்கும் கிடைக்கும் என்று நம்பினேன்.

ஏழு நாள் போயிற்று. இருபத்தெட்டு நாளும் போயிற்று. ஐந்தாவது வாரம் படிவம் திரும்பி வந்தது. பொருள் தோட்டக்கலை சார்ந்தது, பூங்காப் பிரிவுக்கு அனுப்பவும் என்று ஒரு துண்டு இருந்தது. இது பதில் அல்ல, திருப்பியனுப்பல். ஆகவே கையேட்டின்படி நாட்கள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். விளக்கக் கடிதத்தோடு திரும்ப அனுப்பினேன். ஜூனில் பாதுகாப்பு அதிகாரியிடமிருந்து ஒரு கேள்வி வந்தது: இது வெடிக்கக்கூடிய அழுத்தக் கலமா? ஜூலையில் குழுவின் தலைவர் விடுமுறையில் போனார்.

பிரிட்சர்டிடம் போனேன்.

"சார், அந்த மனிதர் சாப்பிடுவதில்லை."

"டொக்டருக்குத் தெரியுமா?"

"தெரியும். காரணம் தெரியாது."

"அப்படியானால் அது டொக்டரின் வேலை. உங்கள் படிவம் பிரமாதம். பொறுமையாக இருங்கள்."

ஓகஸ்டில் கைப்பிடி ஆடுகிறது என்று சுகந்தி போன் பண்ணினாள். திருத்த ஆளை அனுப்பினால் போதும், ஆனாலும் நானும் போனேன். பெரியவரின் சட்டைக் கழுத்துக்குள் இன்னொரு கழுத்துப் போகும்போல் இருந்தது.

"தம்பி, சாமான் வந்ததோ?"

"எழுதிப்போட்டிருக்கிறன் ஐயா. பதில் வரட்டும்."

"நல்லது," என்றார். "அரசாங்கக் கந்தோர் வேலை அப்பிடித்தான். நானும் கந்தோர்க்காரன்தானே." என் மேல் அவருக்குக் கோபம் வந்திருந்தால் நான் சாமானின் பெயரைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவரும் விதிகளை மதித்து வாழ்ந்தவர். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் நன்றாக விளங்கிக்கொண்டோம்.

வாசல்வரை வந்த சுகந்தி மெல்லக் கேட்டாள்.

"நீங்கள் முந்தி எல்லாருக்கும் சாமான் சொல்லுறனீங்களாம். அப்பாவுக்கு ஒண்டும் இல்லையோ அண்ணை?"

"இருக்கு. ஆனால் லிஸ்ட்டிலை இல்லை. வந்தால் நானே கொண்டு வாறன்."

"என்ன சாமான்? நாங்களே வாங்குவம்."

எச்சரிக்கைக் கடிதம் என் கண் முன்னால் வந்தது. நாற்பத்தெட்டு வயதில் வேலை போனால் என்ன செய்வது என்பதும் வந்தது. "பதில் வரட்டும் பிள்ளை," என்றேன்.

5. திரும்பப் பெறுதல்

ஒக்டோபரில் வேலுப்பிள்ளை ஐயா இறந்தார். நெஞ்சில் சளி என்று சான்றிதழ் சொன்னது. உடம்பில் எதிர்த்து நிற்க ஒன்றும் இருக்கவில்லை என்று டொக்டர் சொன்னாராம். பயனாளி இறந்தால் பதினான்கு நாட்களுக்குள் உபகரணங்களைத் திரும்பப் பெற வேண்டும். இந்த விதியை மட்டும் எங்கள் பிரிவு ஒருநாளும் மீறியதில்லை. நானே போனேன்.

சுகந்தி இருக்கையைக் கழுவித் துடைத்து, பொலித்தீனில் சுற்றி வைத்திருந்தாள். கிடுக்கி பெட்டியே பிரிக்காமல் இருந்தது. நான் ரசீதை நீட்டினேன். அவள் கையெழுத்துப் போட்டபடி கேட்டாள்.

"அந்தப் பதில் வந்ததோ?"

"இல்லை."

"இப்பவாவது சொல்லுங்கோ. என்ன சாமான் அது?"

சொன்னேன். அவர் ஏன் சாப்பிடவில்லை என்பதையும் சொன்னேன். அவர் சொல்லாதே என்றார்தான். ஆனால் பயனாளி இறந்த பிறகு யாருக்கு எதைச் சொல்லலாம் என்று கையேட்டில் ஒன்றும் இல்லை.

அவள் பேனாவை மூடி என்னிடம் தந்தாள்.

"எங்கடை கராஜுக்கை ரெண்டு கிடக்கு, அண்ணை. இவர் பூக்கண்டுக்கு மருந்து அடிக்கிறவர்."

பெட்டிகளை வேனில் ஏற்ற அவள் உதவிக்கு வரவில்லை. வந்திருந்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். நல்ல சாமான் ஒன்று உங்களுக்குத் தெரிந்தால், தேவைப்படுகிறவரிடம் அதன் பெயரை வாயால் சொல்லிவிடுங்கள். படிவத்தைப் பிறகு நிரப்பலாம். எச்சரிக்கைக் கடிதம் வரலாம், வேலையும் போகலாம். இரண்டுக்கும் மேன்முறையீடு உண்டு, நடைமுறை கையேட்டின் நான்காம் அத்தியாயத்தில் இருக்கிறது. நான் வேலையைக் காப்பாற்றிக்கொண்டேன். ஓய்வுபெறும்வரை பட்டியலின் கிளாக்கராகவே இருந்தேன். அதற்குப் பிறகு யாருக்கும் ஒரு ரப்பர்த் துண்டைக்கூட நான் பரிந்துரைத்ததில்லை.

படிவம் ஒன்பதுக்குக் கடைசியில் வந்த உபகரணக் குழுவின் கடிதம் இரண்டு வரி. விண்ணப்பித்த பொருள் அங்கீகரிக்கப்பட்டது, பயனாளிக்கு உடனடியாகத் தெரியப்படுத்தவும் என்று இருந்தது. பிரிவின் வழக்கப்படி மேல் மூலையில் வந்துசேர்ந்த தேதியை முத்திரையிட்டு, மூடிய கோப்பைத் திறந்து உள்ளே வைத்தேன்: 1990 மே 14.