ஹனீபா கதவு

நாவுல சந்தியில் மாத்தளை பஸ் வந்து நின்றதும் கொண்டக்டர் இறங்கி நேராக என்னிடம் வந்தார். "ஐயா, ஒங்க கூட்டாளி ஹனீபா விடிய சுபஹோட மௌத்தாகிட்டாராம். பின்னேரம் அடக்கம்" என்றார். கையில் இருந்த மரக்கறிப் பையை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. வீட்டுக்கு ஓடி வந்து காரை எடுத்தேன்.

ஹனீபாவின் வீட்டு வாசலில் இறங்கி, வழக்கம்போல் இரண்டு கையாலும் காரின் கதவைத் தூக்கிச் சாத்தினேன். முற்றத்தில் அழுது சிவந்த கண்களோடு நின்றவர்கள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். "ஹனீபா கதவு!" என்றார் ஒருவர். அவருடைய மகன் நஸீர், கண்டியில் கார்ப் பட்டறை வைத்திருப்பவர், என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாமா, வாப்பா செஞ்ச பிழை. ஒரு நாளைக்கி வண்டியக் கொண்டாங்க, நான் சரியாக்கித் தாறேன்." நான் தலையை ஆட்டினேன். அங்கேயே வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் எனக்கும் ஹனீபாவுக்கும் மேசைகள் எதிரெதிரே கிடந்தன. லிகிதராக எழுத்து வேலைக்கு வருமுன் அவர் லொறிப் பட்டறையில் இருந்தவர். வாசலில் எந்தக் கார் வந்து நின்றாலும், அது யாருடையதென்று பாராமல், போய்க் கதவைத் திறந்து சாத்திப் பார்ப்பார். "எஞ்சின் பொய் சொல்லும் மச்சான், கதவு சொல்லாது" என்பார். கதவின் இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருந்தால்தான் வண்டியின் உடம்பு நேராக இருக்கிறது என்பது அவர் கணக்கு. இடைவெளியில் நுழைத்து அளக்கச் சட்டைப்பையில் எப்போதும் ஒரு தீப்பெட்டி மட்டை வைத்திருப்பார். பீடி குடிக்காத மனிதர்.

கார் அப்போது என் மாமனாருடையது. கடைத்தெருவில் அவருக்குப் புடவைக்கடை. கலியாணம் ஆன நாளிலிருந்து நான் அவர் வீட்டில்தான் இருந்தேன். அவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்டதில்லை. காரின் கதவுக்குக் கீழே முன்னிருந்து பின்வரை ஓடும் பெட்டிபோன்ற சட்டத்தை மழையும் சேறும் தின்று தீர்த்திருந்தன. அந்தச் சட்டம்தான் வண்டியின் முதுகெலும்பு. உதிரிப்பாகங்கள் கப்பலில் வருவது நின்றுபோன காலம் அது. ஹனீபா இரும்புத் தகடு வாங்கி, தண்டவாளத் துண்டின்மேல் வைத்துத் தட்டி வளைத்து, ஒரு மாதத்தில் புதுச் சட்டமே செய்துவிட்டார்.

அந்நாட்களில் எங்களுக்கு ஞாயிறு லீவு கிடையாது, நிலாக் கணக்கில் வரும் போயாவுக்குத்தான் லீவு. அந்தப் போயா ஒரு வெள்ளிக்கிழமையில் வந்தது. மாமனார் வீட்டு முற்றத்தில், காரை முன்னும் பின்னும் மரக்கட்டைகளில் ஏற்றி நிறுத்தினோம். ஹனீபா பழைய சட்டத்தில் வெட்ட வேண்டிய இடத்தில் சோக்கால் கோடு போட்டார். "நடுவுல முட்டுக் குடுக்கணும், கதவு வாசலுக்குக் குறுக்கே ஒரு கம்பியும் கட்டணும். நான் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்ட்டு வாறேன். அதுவரைக்கும் இரும்பறுக்கிற வாளத் தொட்டுறாத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் மாமனார் வெளியே வந்தார். "என்னா மாப்பிள்ள, சும்மா ஒக்காந்திருக்கீங்க? அவரு இல்லாட்டி ஒங்களுக்குக் கை ஓடாதோ?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் உள்ளே போனதும் வாளை எடுத்தேன். பின்பக்கத்தை அறுத்தேன், ஒன்றும் ஆகவில்லை. முன்பக்கம் அறுந்த கணத்தில் கிறீச்சென்று ஒரு சத்தம். வண்டி நடுவில் ஒரு விரல் அளவு தொய்ந்தது. கதவு இறுகிப்போனது.

ஹனீபா தொப்பியோடு வாசல் படலையில் நுழையவும், சத்தம் கேட்டு மாமனார் திரும்ப வெளியே வரவும் சரியாக இருந்தது. "யாரு இப்படி வெட்டுனது?" என்றார் மாமனார்.

ஹனீபா என் காலடியில் கிடந்த வாளைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நான்தான் மொதலாளி. போகக்குள்ள அவசரத்துல வெட்டிட்டுப் போயிட்டேன். முட்டுக் குடுக்க மறந்துட்டேன், இப்ப பாரத்துல எறங்கிருச்சி" என்றார். நான் ஜாக்கியை எடுக்கக் குனிந்தேன்.

ஜாக்கி வைத்துத் தூக்கினோம். முக்கால்வாசி திரும்பியது, மிச்சம் திரும்பவில்லை; அதற்குப் பிறகு கதவைத் தூக்கித்தான் சாத்த வேண்டியிருந்தது. அன்றே ஹனீபா புதுச் சட்டத்தைப் பற்றவைத்து ஒட்டி முடித்தார். கை கழுவும்போது ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "நீ அந்த மனிசன்ட ஊட்டுல சோறு திங்கிற. நான் என்ட ஊட்டுல திங்கிறேன். எனக்கு ஏசினா இந்தப் படலையோட போயிரும்" என்றார்.

படலையோடு போகவில்லை. மாமனார் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் "ஹனீபா கதவு" என்று அதைச் சொன்னார். ஹனீபா அப்போது வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, போயா நாட்களில் கார் வேலை செய்யலாம் என்று மரமும் கூரைத்தகரமும் சேர்த்து வைத்திருந்தார். வண்டி தருவதாகச் சொன்ன டொக்டரும் வரவில்லை, பாடசாலை அதிபரும் வரவில்லை. "கதவு கோணிரும்" என்று ஊர் சொன்னது. அந்தத் தகரத்தை அவர் ஆட்டுக்கொட்டிலுக்கு அடித்தார். நான்தான் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தேன். அப்போதும் சொல்லவில்லை.

மாமனார் காலமாகி, கார் எங்களுக்கு வந்த பிறகு எனக்குப் பயப்பட ஆளே இல்லை. ஒருநாள் தேத்தண்ணிக் கடையில் ஹனீபாவிடம், "இனி எல்லாருக்கும் சொல்லிடவா?" என்றேன். "இப்பச் சொல்லி என்ன, கதவு நிமிருமா?" என்று சிரித்தார். என்னைச் சிரமப்படுத்தாமல் இருக்கத்தான் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

அவரை அறிந்தவர்களே, முதலில் நஸீர், கேளுங்கள். வெட்டியது நான். ஹனீபா தன் வாழ்நாளில் எந்தக் கதவையும் கோணலாக்கவில்லை.

நஸீர், வண்டியைக் கொண்டுவருகிறேன். கதவை நிமிர்த்த அல்ல. குனிந்து கதவுக்குக் கீழே பாருங்கள். பத்து மழைக்காலம் கண்ட சட்டம், ஒரு பொட்டுத் துரு இல்லை. உங்கள் வாப்பாவுடையதாக நான் வைத்திருப்பது அதுதான். கதவு என்னுடையது.