மூடி இருக்கிறது, குழி இல்லை

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் நான்கு மாடிக் கட்டடம் எழும்புகிறது. மனையை மூன்றடி உயர்த்திவிட்டார்கள். மொட்டை மாடிக் குழாய்கள் எல்லாம் எங்கள் சுவரைப் பார்த்து நிற்கின்றன. போன மழைக்கே எங்கள் ஹாலில் முழங்கால் தண்ணீர்.

இன்று காலை ஸ்கூலுக்குக் கிளம்பும் முன் அந்தக் கட்டடத்துக்குள் போய், சைட் இன்ஜினியரிடம் கேட்டேன்.

"மழைநீர் சேகரிப்புக் குழி எங்க சார்?"

"போட்டாச்சு மேடம், ப்ளான்ல இருக்கிறபடியே." கேட் ஓரமாக ஒரு வட்டமான சிமென்ட் மூடியைக் காட்டினார்.

"திறந்து காட்டுங்க."

"இப்ப ஆள் இல்லையே மேடம்."

ஆள் இருந்தார். சுவர் பூசிக்கொண்டிருந்த மேஸ்திரி இறங்கி வந்து, கடப்பாரையால் மூடியை நெம்பினார். அடியில் வெறும் மண், அதுவும் கெட்டியான மண்.

"மூடி மட்டும் வெக்க சொன்னாங்கக்கா. குழி இன்னா ஏதுன்னு எனக்குத் தெரியாது" என்றார் மேஸ்திரி.

இன்ஜினியர் போனைப் பார்க்க ஆரம்பித்தார்.

நான் சத்தம் போடவில்லை. ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். "கம்ப்ளீஷன் சர்டிபிகேட்டுக்கு ஆபீசர் வருவார்ல சார், அன்னைக்கு லீவு போட்டுட்டு நானும் வரேன். இந்த மூடிய நானே திறந்து காட்டுறேன்" என்றேன்.

சாயங்காலம் திரும்பினால், அதே இடத்தில் இடுப்பளவு தோண்டியிருக்கிறார்கள். மாடிக் குழாய்களையும் அந்தக் குழிக்கே திருப்பப்போகிறார்களாம்.

"எட்டடி போதுமா மேடம்?" என்று இன்ஜினியரே கேட்டார்.

"ப்ளான்ல எவ்வளவு இருக்கோ அவ்வளவு சார்."

கோவிலம்பாக்கத்தில் புதுக் கட்டடத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் யாராவது இருந்தால், ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றாலும் சொல்லுங்கள், சனிக்கிழமை எனக்கு ஸ்கூல் இல்லை.