தாங்கும் சூடு

அந்தச் செய்தியை அழித்தது நானா, மாமாவா? இரண்டு மழைக்காலங்கள் போய்விட்டன. இன்னும் எனக்கு விடை தெரியவில்லை. மாமா என்று நான் சொல்வது என் மாமனாரை. கொச்சியில், மட்டாஞ்சேரியில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். அவர் மிளகுக் கிடங்கில் நாற்பது வருடம் சரக்குப் பார்த்தவர். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். அவருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது, படித்ததெல்லாம் மலையாளத்தில். எனக்கு மலையாளம் காதில் விழுந்தால் ஓரளவு புரியும். எழுத்து என்றால் பஸ் பலகையை எழுத்துக் கூட்டுவதோடு சரி. ஒரே வீட்டில் ஒரே பாஷை பேசிக்கொண்டு, ஒருவர் வாசிப்பதை மற்றவர் வாசிக்க முடியாமல் இருந்தோம். அது ஒரு குறையாக எங்களுக்கு அப்போது தோன்றவில்லை.

அவருக்குச் சர்க்கரை நோய் வந்து பல வருடமாகிறது. மாதம் ஒருமுறை மருத்துவமனை. மணிக்கணக்கில் காத்திருந்து உள்ளே போனால், டாக்டர் கேட்பதற்கெல்லாம் "செரி டாக்டர், செரி டாக்டர்" என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவார். சந்தேகங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் முளைக்கும், அவற்றை என்னிடம் கேட்பார். அப்போது என் மகளுக்கு ஒன்றரை வயது. அவள் தும்மினால்கூட நான் கைப்பேசியில் தேடுகிறவள். அதைப் பார்த்துத்தான், "இதில நோக்க எனக்கும் படிப்பிச்சுக் கொடு மோளே" என்றார். சொல்லிக் கொடுத்தேன். அவர் என்ன பார்க்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டுமே என்று கைப்பேசியைத் தமிழுக்கு மாற்றினேன். மைக் படத்தைத் தொட்டுப் பேசினால் போதும், வீடியோ வரும், வாசிக்கவே வேண்டாம் என்றேன். அதை ஒரு நல்ல யோசனை என்று நினைத்துப் பெருமைகூடப் பட்டேன். அவரால் வாசித்துப் பார்க்க முடிந்த மலையாளத்தை அன்று நானே அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன் என்பது தோன்றவில்லை.

அவர் பார்த்த வீடியோக்களில் ஒருவர் எங்கள் ஊர்த் தமிழில் நிதானமாகப் பேசுவார். மாமாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. "உன் ஊர்க்காரன்தான், கேட்டியா? உன்ன மாதிரியே இழுத்து இழுத்துப் பேசறான். ஆனா உன்ன மாதிரி கோபப்படலே" என்று கிண்டல் செய்வார். காக்கநாட்டில் வேலை முடிந்து வரும் என் கணவர், "வீட்டில ரெண்டு டாக்டர் இருக்க, ஃபீஸ் கொடுத்து நான் எதுக்கு வெளிய கூட்டிட்டுப் போகணும்?" என்பார். சிரித்துக்கொண்டிருந்தோம். கிடங்கில் எந்தச் சாக்கையும் மேலே இருப்பதைப் பார்த்து நம்பாமல் முழங்கைவரை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்க்கிற மனிதர், அந்தக் குரலை அப்படியே நம்பினார். வாசித்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பாரோ என்னவோ. அது வீட்டு மனுஷன் பேசுகிற மாதிரி இருந்தது.

ஆடி மாத மழை. சந்தில் தண்ணீர் நின்றது. கால் மரத்துப்போகிறது, பஞ்சுமேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்றார் மாமா. மைக்கில் கேட்டார். கல்லுப்பு போட்ட வெந்நீரில், தாங்கும் சூட்டில், அரை மணி நேரம் காலை வைத்திருக்கச் சொன்னது வீடியோ. நான்தான் தண்ணீர் கொதிக்க வைத்துப் பக்கெட்டில் விளாவினேன். மகள் ஓடி வந்தாள். சுட்டுவிடும் என்று அவளை ஒரு கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "சூடு போதுமா மாமா?" என்று கேட்டேன். "ஒண்ணும் அறியலே. இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார். ஊற்றினேன். குழந்தைக்கு ஆகாத சூடு என்று என் கைக்குத் தெரிந்திருந்தது. அந்தக் காலுக்கு எந்தச் சூடும் தாங்கும் சூடுதான் என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை இரண்டு பாதமும் கொப்புளம். இடது பாதத்தில் தோல் உரிந்து கிடந்தது. வலிக்கவில்லை என்றார், வலிக்காதது நல்லது என்று நானும் நினைத்தேன். மகன் பயந்துவிடுவான் என்று, "அவன்கிட்ட சொல்லாதே, பாவம், பேடிச்சுப் போவான்" என்றார். ஐந்து நாள் மறைத்தோம். ஐந்து நாளும் நான் தேடிக்கொண்டே இருந்தேன், தமிழில். மஞ்சள் என்றது ஒன்று, கற்றாழை என்றது இன்னொன்று. ஆறாம் நாள் வாடை வந்தது. வலது கால் ஆறிவிட்டது. இடது காலில் முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே முழுவதையும்.

மருத்துவமனையில் நர்ஸ், "லிங்க் அயச்சிருந்நல்லோ சேச்சி, வாயிச்சில்லே?" என்றாள், அனுப்பியதை வாசிக்கவில்லையா என்று. சர்க்கரை நோயாளிகள் கால்களை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவர்களே எழுதிய மலையாளப் பக்கம். மழை தொடங்கும் முன்பே எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். மாமாவின் கைப்பேசியில் தேடினேன். இல்லை. தினமும் சாயங்காலம் அதைச் சுத்தம் செய்வது நான்தான். காலை வணக்கப் பூக்கள், கண்ட கண்ட வைத்தியக் குறிப்புகள் எல்லாவற்றையும் அழிப்பேன். தெரியாத நம்பரும் லிங்க்கும் சேர்ந்து வந்தால் திறக்கவே மாட்டேன், ஏமாற்றுக்காரர்கள் இருக்கிறார்களே. "தெரியாத நம்பர்னா தொடாதீங்க, அழிச்சிருங்க" என்று அவருக்கும் பழக்கிவிட்டிருந்தேன். மலையாளத்தில் வந்ததை நான் படித்துப் பார்த்திருக்க வழியில்லை. அவரால் படித்திருக்க முடியும்.

நர்ஸ் மறுபடி அனுப்பினாள். கட்டிலில் சாய்ந்தபடி மாமா அதைப் பேப்பர் படிப்பதுபோல் சத்தமாக வாசித்தார். உணர்ச்சி குறைந்த காலை வெந்நீரில் வைக்கக் கூடாது, கால் சூட்டை அறியாது என்ற இடம் வந்தது. நிறுத்தாமல் வாசித்து முடித்தார். பிறகு, "நல்லா எழுதியிருக்காங்க" என்றார். இதே பக்கம் முன்பு ஒருமுறை வந்து, அழிந்து போனது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை.

இப்போது மிச்சமிருக்கும் வலது கால் முன்னைவிட மரத்துப்போகிறது. கண்ணிலும் சர்க்கரை இறங்கிவிட்டது. பேப்பரின் தலைப்புகளே அவருக்குத் தெரிவதில்லை. அந்த மலையாளப் பக்கத்தைக் கைப்பேசியே வாசிக்கும்படி செய்து காட்டினேன். இரண்டு வரி கேட்டுவிட்டுக் கையை ஆட்டினார். "அதை ஆஃப் பண்ணு. நீ பாத்துச் சொல்லு. நீ சொன்னா எனக்கு விஸ்வாசம்" என்றார். நம்பிக்கையைத்தான் அப்படிச் சொல்வார். மலையாள எழுத்துப் புத்தகம் வாங்கிப் படிக்கிறேன். ஒரு பக்கம் வாசிக்க அரை மணி நேரம் ஆகிறது. அதற்குள் வாசித்தது சரியா என்ற பயம் வந்து முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். கைப்பேசியிலேயே தமிழுக்கு மாற்றிப் பார்த்தால், அது சரியாக மாற்றியதா என்று சந்தேகம். டாக்டரிடம் கேட்க எழுதிக்கொண்டு போகும் தாளில் எட்டுக் கேள்வி இருந்தால் இரண்டுக்குத்தான் நேரம் கிடைக்கிறது. இன்று காலை, மரத்த காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். நாலு இடத்தில் பார்த்துவிட்டேன். இன்னும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படிக் கேட்கிற பெரியவர்கள் இருப்பார்கள். எதைப் பார்த்து, எங்கே நிறுத்திக்கொண்டு, எந்தத் தைரியத்தில் அவர்களுக்குப் பதில் சொல்கிறீர்கள்? நான் செய்ததை வாசித்த பிறகும், அவர் என்னை நம்பத்தான் வேண்டும் என்கிறீர்களா? தெரிந்தவர்கள் எழுதுங்கள். முடிந்தால் தமிழில் எழுதுங்கள். என்னால் தடுமாறாமல் வாசிக்க முடிந்தது அது ஒன்றுதான்.