சுறா எண்ணெயும் என் வாயும்

எங்கள் குப்பத்தில் எந்த நோவுக்கும் மருந்து ஒன்றுதான், சுறா ஈரல் எண்ணெய். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். அறுபதைத் தொட்ட என் தாய்மாமனுக்குச் சுறா எண்ணெய். கட்டுமரத்தில் துடுப்புப் போட்டு உரமேறிய கையில் அதைத் தொட்டுக்கொண்டு, யாருக்கு வீக்கம் என்று வீடு வீடாகத் தேடுவார். படித்த டாக்டருக்குக்கூட அவ்வளவு தைரியம் வராது.

நான் ராயபுரத்திலிருந்து துறைமுகத்துக்கு மூட்டை இறக்கப் போய்க்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரன் கப்பலேறி நாலைந்து வருஷம் இருக்கும். ஒரு நாள் சணல் பொதி சரிந்து கால் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டோடு ஒரு மாதத்துக்கு மேல் படுக்கை. கட்டைப் பிரித்த மூன்றாம் நாள் கெண்டைக்கால் வீங்கிக் கொதித்தது. மாமா வந்து தொட்டுப் பார்த்தார்.

“ரத்தம் கட்டிகினு கீது மாப்ள. நல்லா அமுக்கி மேல தள்ளிட்டா சரியாப் பூடும்.”

ரத்தம் கட்டியிருந்தது உண்மைதான். மேலே தள்ளியும் விட்டார், மகராசன். அவர் கை கழுவி வருவதற்குள் எனக்கு நெஞ்சில் மறுபடி ஒரு பொதி விழுந்தது. மூச்சு உள்ளே போகிறது, ஆனால் போன மாதிரியே இல்லை. நகமெல்லாம் நீலம்.

“காத்து பத்தலடா, வீசுங்கடா!” என்று மாமா கத்தினார். கடல் காற்று கூரையையே பிய்க்கும் வீடு அது. அதற்குள் பத்துப் பேர் புகுந்து பனையோலை விசிறியால் எனக்குக் காற்றுத் தானம் செய்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருக்கு மட்டும் புத்தி இருந்தது. கைரிக்‌ஷாவில் தூக்கிப் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

பிழைத்து எழுந்தபின் அங்கிருந்த டாக்டர் சொன்னார்: “காத்துக்கு என்னப்பா குறை? கால்ல இருந்த ரத்தக்கட்டி கழண்டு போய் நுரையீரல் குழாயை அடைச்சிடுச்சு. அந்த அடைப்புல முட்டி முட்டி உன் இதயம் களைச்சுப் போச்சு. அது தள்ற ரத்தம் குறைஞ்சா, வர்ற கொஞ்ச ரத்தத்துல இருக்கிற பிராணவாயுவை உடம்பு ஒட்ட உறிஞ்சிடும். காலியாத் திரும்புற ரத்தம், பாதி வழி அடைச்ச நுரையீரல்ல முழுசா நிரம்பாமலே மறுபடி வெளியே போகும். அதான் நீலம். உன்னது சின்ன வயசு இதயம், தாங்கிடுச்சு. கிழவனா இருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும்.”

குப்பத்துக்குத் திரும்பி வந்தால், மாமா மீன் ஏலம் போடும் இடத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார். “காலுல இருந்த நோவை நாந்தான் எறக்குனேன். இல்லாட்டி பையன் பூட்டிருப்பான்.” எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து அவரைப் பார்த்த இடத்திலெல்லாம் “பெரிய டாக்டர் வராரு, காலை மறைச்சிக்கோங்க” என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. அது எனக்கு இன்னும் இனித்தது.

ஒரு வருஷம் போயிருக்கும். கட்டுமரத்தைக் கரையேற்றும்போது மரம் உருண்டு மாமாவின் காலை நசுக்கியது. ஆஸ்பத்திரிக்குப் போவாரா அவர்? பத்துப் பதினைந்து நாள் படுத்தே கிடந்தார். நான் வேலை முடிந்து திரும்பிய ஒரு சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் கூட்டம். உள்ளே அதே எண்ணெய் வாடை, அதே விசிறிகள். அவரைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். கெண்டைக்கால் எண்ணெயில் மின்னியது. உதடு நீலம்.

“விசிறியப் போட்டுட்டு வண்டி கூப்புடுங்கடா!” என்று கத்தினேன். யாரோ ஓடினார்கள்.

மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீ இப்டித்தான மாப்ள இருந்தே? பொழச்சிக்கினியே. நல்லா அமுக்கச் சொல்லிட்டேன், நானும் பொழச்சிக்குவேன்.”

ரிக்‌ஷா வருவதற்குள் அந்தக் கை தளர்ந்துவிட்டது.

குப்பத்து முட்டாள்தனத்தைப் பற்றி நான் இன்றும் வாய் ஓயாமல் பேசுவேன். ஆனால் டாக்டர் சொன்னதைக் கேட்டு வந்தவன் அந்தக் குப்பத்தில் நான் ஒருவன்தான். “கால் வீங்கினா அமுக்காதே மாமா.” இதைச் சொல்ல நாலு சொல் போதும். ஒரு வருஷம் கேலி பேசிய வாய் அதை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.