வீட்டிலிருந்து ஒரு கணக்கு

நியாலாஸ் பக்கம் ஒரு தோட்டப் பள்ளியில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் எடுத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் ஒன்பது பேர். கால அளவுப் பாடம் வந்தால் ஒன்பது பேரும் ஒரே தப்பைச் செய்வார்கள். ஒன்று நாற்பத்தைந்திலிருந்து மூன்று பத்து வரை எவ்வளவு நேரம் என்றால், சாதாரணக் கழித்தல் போலக் கழித்து, ஒரு மணி அறுபத்தைந்து நிமிடம் என்று எழுதுவார்கள்.

பலகையில் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போனது. ஒரு நாள் வகுப்புக்கு வெளியே சிமெண்டுத் தரையில், ஆள் நடக்கிற அளவுக்கு ஒரு கடிகாரம் வரைந்தேன். ஒரு பிள்ளை பெரிய முள், ஒரு பிள்ளை சின்ன முள். பெரிய முள் ஐந்தைந்தாக எண்ணி ஒரு சுற்று நடந்து வந்தால், சின்ன முள் ஓர் எண் நகர வேண்டும்.

பின்வரிசையில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். நோட்டில் ஒரு கணக்கையும் அவள் முடித்து நான் பார்த்ததில்லை. அன்று பெரிய முள்ளாக நடந்தவள், இரண்டாம் சுற்றில் நின்றுவிட்டாள்.

“டீச்சர், அறுவதுக்கு மேல போவ முடியாதுலா. திரும்ப மொதல்லேருந்துதான்.”

இரண்டு வாரமாக நான் புரியவைக்கப் பாடுபட்டது அதைத்தான். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த உற்சாகத்தில், மறுநாள் ஆளுக்கொரு கணக்கை வீட்டிலிருந்து எழுதிவரச் சொன்னேன். அம்மா சமைக்கும் நேரம், டிவி பார்க்கும் நேரம், எதுவானாலும் சரி.

மறுநாள் அவள்தான் முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள். எழுந்து வாசித்தாள்:

“ஸ்கூல் வேன் என்னையும் தங்கச்சியையும் ஒன்னு நாப்பதுக்கு வீட்ல எறக்கிவிடும். அம்மாவோட ஃபேக்டரி பஸ் எட்டு இருவதுக்கு வரும். நாங்க ரெண்டு பேரு மட்டும் எவ்ளோ நேரம் இருப்போம்?”

பிள்ளைகள் தரைக் கடிகாரத்துக்கு ஓடினார்கள். நடந்தார்கள், எண்ணினார்கள். “ஆறு மணி நேரம் நாப்பது நிமிசம்!” என்று கத்தினார்கள். அவள் சரி என்று தலையாட்டினாள். நானும், “கெட்டிக்காரி!” என்று சொல்லிக் கைதட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அவள் வாசித்தது என் மண்டையில் ஏறியது. தங்கச்சி பாலர் வகுப்பு. ஐந்து வயது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். தேநீர் கலக்கப் போனவளைத் தடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை.

“எனக்குத் தெரியாதா டீச்சர்? ஷிஃப்டே பன்னெண்டு மணி நேரம்லா. பக்கத்து வீட்டு அக்கா பாத்துக்கிட்டாங்க, இப்ப அவங்களும் வேலைக்குப் போறாங்க. கேஸ் அடுப்ப தொடக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். ஃபோன் குடுத்திருக்கேன்.” பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். “வெல்ஃபேர் ஆபீஸ்ல மட்டும் சொல்லிடாதீங்க டீச்சர். புள்ளைங்கள தூக்கிட்டுப் போயிருவாங்க.”

சொல்லமாட்டேன் என்றேன். அது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

என்னால் முடிந்ததைச் செய்து பார்த்தேன். இருவரையும் பள்ளியிலேயே நான்கு மணிவரை வைத்திருந்து, காரில் கொண்டுபோய் விட்டேன். மூன்று வாரம் ஓடியது. தலைமையாசிரியர் ஒரு நாள் கூப்பிட்டு, “வழியில ஏதாச்சும் ஒன்னு ஆச்சுன்னா யார் டீச்சர் பதில் சொல்றது?” என்று கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. அலோர் காஜாவில், எங்கள் வீட்டில், என் பிள்ளைகளும் பசியோடு காத்திருந்தார்கள். மறுநாளிலிருந்து அக்காவும் தங்கையும் மறுபடி வேனில் போனார்கள். கதவைப் பூட்டிவிட்டு ஃபோன் போடச் சொல்லியிருந்தேன். இரண்டு பத்துக்குள் அழைப்பு வராவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

ஆண்டுக் கடைசியில், பெரியம்மா வீட்டோடு இருக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, சுங்கை ரம்பாய்க்குக் குடிபோனார்கள். கேட்டதும் எனக்கு வந்தது நிம்மதி. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இப்போதும் தரையில் கடிகாரம் வரைகிறேன். பிள்ளைகள் நடக்கிறார்கள், சிரிக்கிறார்கள், கணக்கும் வருகிறது. ஆனால் கேள்விகளைப் பாடநூலிலிருந்துதான் கொடுக்கிறேன். விமானம் எத்தனை மணிக்குக் கிளம்பியது, பந்தாட்டம் எத்தனை மணிக்கு முடிந்தது. போன வாரம் ஒருத்தி, “நாங்களே எழுதிட்டு வரவா டீச்சர்?” என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.